ஆயுதம் தொடாத நாளில் தட்டிய எஞ்சின்

ஸ்பேனர் பிடிக்கப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, எஞ்சினில் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் உடனே பானட்டைத் தூக்காதீர்கள். தூக்கியதும் கண் வேலை செய்ய ஆரம்பித்துவிடும், காது தூங்கிவிடும். வாய் அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லி முடித்திருக்கும். நம் தொழிலில் கெட்டுப்போன எஞ்சினைவிட, கெட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட எஞ்சின்தான் அதிகம்.

நான் கல்கத்தாவில் டாலிகஞ்ச் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் கார் பட்டறையில் வேலை பார்த்தவள். என் முழங்கால்கள் இரண்டும் சேர்ந்து ராஜினாமா கொடுக்கும் வரை பார்த்தேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து வந்தோம். பட்டறைக்காரர்களுக்கு இட்லி விற்கத்தான் போனேன். இட்லியைவிட எஞ்சின் சுவாரசியமாக இருந்தது, தங்கிவிட்டேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியாரம்மா வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த படிப்பு. எஞ்சின் எதையும் எழுதிக் காட்டாது, பேசத்தான் செய்யும் என்பதால் எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

எனக்குத் தொழில் சொன்ன மிஸ்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் பிள்ளைகள் இப்போது பெரிய மனிதர்கள், அப்பா கிரீஸ் கையோடு சாப்பிட்டவர் என்று தெரிந்தால் வருத்தப்படுவார்கள். அவர் சொல்வார்: "சத்தம்னா பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. யார் மேல தப்புன்னு அப்புறம் பாரு. மொதல்ல எந்த வீடுன்னு பாரு." அவர் வீட்டுச் சண்டை எந்த வீட்டில் நடக்கிறது என்று தெருவுக்கே தெரியும், அது வேறு விஷயம்.

நான் சொல்ல வந்தது மீனாவின் வண்டியைப் பற்றி. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது.

மீனா தமிழ்ப் பெண். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள், கட்டிக்கொண்டது வங்காளிப் பையனை. அவன் சூரத்தில் வேலை பார்த்தான். மாமியார் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் அம்மா கொடுத்த சங்கிலியை விற்று, பழைய சின்ன கார் ஒன்றை வாங்கி, செல்போன் ஆப்பில் சேர்ந்து டாக்ஸி ஓட்டினாள். வீட்டார் அரை மனதாக ஒத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனைதான். வண்டி படுத்தால் விற்றுவிட வேண்டும், அவள் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும். அவள் புருஷனுடைய அண்ணன் இந்த நிபந்தனையைத் தினமும் ஒரு தடவை ஞாபகப்படுத்துவார். புருஷனின் அண்ணனை இங்கே பாஷுர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன், அந்த ஆளுக்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கு விஸ்வகர்மா பூஜை. நம் ஊரில் ஆயுத பூஜை சரஸ்வதியோடு வரும். இந்த ஊரில் பட்டறைக்காரனுக்கென்று தனியாக ஒரு சாமி, யானை மேல் உட்கார்ந்து, புரட்டாசி பிறக்கும்போது வந்துவிடுவார். பட்டறையில் இருக்கும் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி, சிவப்புத் துணி விரித்து, குங்குமம் வைத்து அவர் காலடியில் படுக்க வைத்துவிடுவோம். மறுநாள் காலை வரை ஒன்றையும் தொடக்கூடாது. கல்கத்தா முழுக்க அன்று ஒரு ஸ்குரூகூடத் திரும்பாது. ஆண்கள் எல்லாம் மொட்டை மாடியில் பட்டம் விடுவார்கள். கீழே கிச்சுடி வேகும். அது நம்ம ஊர்ப் பொங்கலுக்கு மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும், கூட ஒரு கத்தரிக்காய் வறுவல்.

பூஜைக்கு வண்டியைக் கொண்டுவந்து மாலை போடுவது வழக்கம். மீனாவும் கொண்டுவந்தாள். சந்து முனையில் திரும்பும்போதே எனக்குக் கேட்டது. டக், டக், டக். மரக்கதவை யாரோ மோதிரக் கையால் தட்டுகிற மாதிரி. பின் சீட்டில் பாஷுர், நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டோடு. அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். அவர் கார் வாங்கி விற்கிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. பூஜைக்குத் தேங்காய் கொண்டுவருவார்கள், பாஷுர் வியாபாரியையே கொண்டுவந்திருந்தார்.

எங்கள் தலைமை மிஸ்திரி ஹாரு, எல்லோருக்கும் ஹாருதா; தாதா என்றால் இங்கே அண்ணன். நல்ல வேலைக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், குரலில் பெரியவர். கிச்சுடித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே காதைச் சாய்த்தார்.

"பிக் எண்ட் போச்சு" என்றார், வாயில் கத்தரிக்காயோடு. "எஞ்சின் எறக்கணும்."

பிக் எண்ட் என்றால் எஞ்சினின் வயிற்றுக்குள், பிஸ்டன் தள்ளச் சுற்றும் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் இடம். அது தேய்ந்துவிட்டால் பழைய காருக்கு அது மரணச் செய்தி. புது எஞ்சின் போடுவதும் வண்டியை எடைக்குப் போடுவதும் ஒன்றுதான்.

பாஷுரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கேட்டியா? நான் சொன்னேன்ல? இவரு நல்ல மனுஷன், இப்பவே இருக்கிற நிலைமையிலேயே எடுத்துக்கிறேங்கறாரு. நாளைக்கு எஞ்சின் வெடிச்சா இதுவும் கிடையாது."

மீனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். இந்த ஊரில் நமக்குத் தமிழ் கதவு சாத்திய அறை மாதிரி, யார் நடுவில் வேண்டுமானாலும் பேசலாம்.

"அத்தை, ஷோத்தியா போயிடுச்சா?" அவள் தமிழில் பாதிக்குப் பாதி வங்காளம் இருக்கும். ஷோத்தி என்றால் நிஜம்.

"அழாதட்டி. அவரு கேட்டது கத்தரிக்கா மெல்லுற சத்தமாக்கூட இருக்கும். நீ சொல்லு, இது எப்பத்துலேருந்து?"

இதை அதுவரை அவளிடம் யாருமே கேட்கவில்லை. பிள்ளைகளே, வைத்தியர்கூட 'எத்தனை நாளாக் காய்ச்சல்' என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறார்.

"பெல்ட் மாத்தின பிறகுதான் அத்தை. மொதல்ல மெல்ல. இப்ப ஜோரா, பலமா வருது."

"எங்க மாத்துன?"

அவள் கண்ணாலேயே பாஷுரைக் காட்டினாள். "அவருக்குத் தெரிஞ்ச கடை. ரோட்டு ஓரம்."

எனக்கு மனதில் ஒரு சின்ன மணி அடித்தது. அந்த மாதிரி வண்டியில் உள் பெல்ட்டை மாற்ற வேண்டுமானால் கிராங்க் தண்டின் நுனியில் இருக்கும் பெரிய சக்கரத்தை, அதாவது புல்லியை, கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றினவன் ஒழுங்காக முறுக்கினானா? ஆனால் மணி அடித்தது என்பதற்காகக் கதவைத் திறந்துவிடக்கூடாது. ஹாருதாவுக்கும் ஒரு மணி அடித்துத்தானே பிக் எண்ட் என்றார்.

பொதுவாக இந்த மாதிரிச் சத்தத்துக்கு நாங்கள் நீள ஸ்குரூ டிரைவரை எடுப்போம். நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தால், எந்த இடத்தில் சண்டை என்று தெரிந்துவிடும். என் நீள ஸ்குரூ டிரைவர் சாமியின் இடது கால் பக்கம் குங்குமத்தோடு படுத்திருந்தது.

முதலில் எஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினேன். ஹாருதா கையைத் தூக்கினார். "மாஷி, இன்னைக்கு எதையும் தொடக்கூடாது!" மாஷி என்றால் சித்தி, பட்டறையில் எல்லோருக்கும் நான் அதுதான்.

"இது ஆயுதமில்ல, வண்டியோட உடம்புல ஒரு உறுப்பு. நீ இன்னைக்கு உன் விரலைத் தொடலியா?"

எண்ணெயை விரலில் தேய்த்து வெயிலில் பார்த்தேன். உள்ளே உலோகம் உலோகத்தைத் தின்றிருந்தால் எண்ணெயில் மினுமினுப்பு தெரியும், கல்யாண வீட்டுப் பெண் கன்னம் மாதிரி. இதில் ஒன்றும் இல்லை. பழைய எண்ணெய், ஆனால் யோக்கியமான எண்ணெய்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கையால் உருவிவிட்டு, மீனாவைக் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிடச் சொன்னேன். பிறகு நிறுத்தி அதை மாட்டிவிட்டு அடுத்ததை உருவினேன். இப்படி ஒவ்வொன்றாக. பிக் எண்ட் போயிருந்தால், சிக்கல் உள்ள சிலிண்டருக்கு நெருப்பு நின்றதும் தட்டுகிற சத்தம் அடங்கும். எஞ்சின் குலுங்கியதே தவிர, தட்டுகிறவன் அவன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தான். யார் வீட்டில் விளக்கை அணைத்தாலும் இவனுக்குக் கவலையில்லை. அப்படியென்றால் இவன் அந்த வீட்டுக்காரனே இல்லை.

இனி எந்த வீடு என்று கேட்க வேண்டும். கேட்க ஒரு கட்டை வேண்டும்.

அண்ணாந்து பார்த்தேன். மாடியில் வெல்டர் பிஷு பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். கையில் லாட்டாய். மாஞ்சா நூல் சுற்றும் மரச்சக்கரம், இரண்டு பக்கமும் வழவழவென்று நீளக் கைப்பிடி. தேர்ந்த கட்டை.

"பிஷு! லாட்டாயைக் கீழ கொண்டா!"

"மாஷி, நான் ரெண்டு பட்டத்தோட சண்டையில இருக்கேன்!"

"இங்க ஒருத்தி வாழ்க்கையோட சண்டையில இருக்கா. எறங்கு."

"அறுந்துபோயிடும் மாஷி!"

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. நாளைக்கு உன் வெல்டிங்கை மட்டும் ஒழுங்கா ஒட்டு."

பக்கத்து மாடியில் 'போ காட்டா!' என்று கூச்சல் எழுந்தது. பட்டம் அறுபட்டால் அப்படித்தான் கத்துவார்கள். பிஷு ஒரு விதவையின் முகத்தோடு இறங்கி வந்து லாட்டாயைக் கொடுத்தான்.

சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினேன். ஓடுகிற பெல்ட்டுக்குப் பட்டும் தெரியாது, பருத்தியும் தெரியாது. லாட்டாயின் ஒரு நுனியை எஞ்சினின் அடிப்பக்கம் வைத்து, மறு நுனியைக் காதில் வைத்தேன். சத்தம் இருந்தது, ஆனால் தூரத்தில், மூன்று வீடு தள்ளி. மேலே வைத்தேன், இன்னும் தூரம். பெல்ட் இருக்கும் பக்கத்து மூடியில் வைத்தேன். அம்மாடி! காதுக்குள்ளேயே புகுந்து கன்னத்தில் அறைந்தது.

முன் சக்கரத்தை முழுசாகத் திருப்பச் சொல்லி, அந்த இடுக்கு வழியாகப் பிஷுவின் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கிராங்க் புல்லி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் நேராக இல்லை. சம்பள நாள் மாலையில் வீடு திரும்புகிறவன் மாதிரி, இப்படியும் அப்படியும்.

"ஹாருதா, வந்து பாரு."

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அதற்கே அவருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும். தான் சொன்னதைத் தானே வந்து சோதிக்கிற மிஸ்திரி குறைவு. குனிந்து பார்த்தார், லாட்டாயை வாங்கிக் காதில் வைத்தார்.

"புல்லி போல்ட் லூசு" என்றார். உடனே, "பிக் எண்ட் மாதிரியேதான் சத்தம், யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொள்ளட்டும்.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? சத்தத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதன் பிறகு வருகிற மனிதர்களைச் சமாளிப்பதுதான் மீதி. அதற்கு எந்தக் கடையிலும் ஸ்பேனர் விற்பதில்லை.

பாஷுர் சிரித்தார். "ஒரு போல்ட்தானா? அப்போ முறுக்கு, இப்பவே. ரெண்டு நிமிஷ வேலை. முறுக்கினதும் சத்தம் நின்னா நீ சொன்னது சரி. நிக்கலைன்னா ஹாரு சொன்னது சரி." பிறகு அந்த வெள்ளைச் சட்டையிடம் திரும்பி மெதுவாக, "சத்தம் இல்லாம இருந்தா நீங்களும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்" என்றார். வங்காளத்தில் மெதுவாகச் சொன்னால் எனக்குக் கேட்காது என்று நினைத்தார். எஞ்சின் அடியில் என்ன பேசுகிறது என்று கேட்கிற காது இது.

பெரிய ஸ்பேனர் அங்கேதான் இருந்தது, சாமியின் காலுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில். உண்மையைச் சொல்கிறேன், எடுத்திருப்பேன். விஸ்வகர்மா நிஜமாகவே மெக்கானிக் என்றால், ஒரு பெண்ணின் வண்டிக்காகத் தன் காலடியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மாட்டேன் என்றால்தான் கோபப்பட்டிருப்பார்.

நான் நின்றது வேறு காரணத்துக்காக. அந்தப் புல்லியும் கிராங்க் தண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள நடுவில் விரல்நகம் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு இருக்கும், சாவி என்போம். இத்தனை நாள் ஆடியதில் அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கழற்றிப் பார்க்காமல் தெரியாது. பார்க்காமல் முறுக்கினால் சத்தம் நிற்கும். நின்றதை நம்பி ஓட்டுவாள். ஒரு நாள் பாலத்தின் மேல் அந்தச் சாவி ஒடியும், உள் பெல்ட் வழுக்கும், அப்போது நிஜமாகவே எஞ்சின் போகும். அல்லது அதற்கு முன்பே, சத்தம் நின்ற அந்த நிமிஷத்திலேயே, பாஷுர் நல்ல விலை பேசி வண்டியை விற்றுவிடுவார். இரண்டு வழியிலும் அவளுக்கு வண்டி இல்லை. சத்தத்தை நிறுத்துவது வேறு, பழுது பார்ப்பது வேறு. வாயைப் பொத்தினால் பிள்ளையின் வயிற்றுவலி போய்விடுமா?

இதை பாஷுரிடம் விளக்கினால் என்ன ஆகும்? "ஓ, உள்ள இன்னும் கோளாறு இருக்கா? அப்ப வித்துடு" என்பார். அந்த மாதிரி ஆளிடம் பாதி உண்மை அகப்பட்டால் முழுப் பொய்யாக்கிவிடுவார்.

அதனால் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமியைப் பார்த்துக் கும்பிட்டேன். "ஐயோ தாதா, நல்ல நாள் அதுவுமா ஆயுதத்தைத் தொடுறதா! என் கை அழுகிப்போகும். நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்."

நெற்றி நிறையச் சந்தனம் பூசிய மனிதனால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஹாருதா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் கோயிலுக்குப் போனால் பிரசாதத்துக்காகத்தான் போவேன் என்று அவருக்குத் தெரியும்.

"நாளைக்கு இவரு வரமாட்டாரு" என்றார் பாஷுர். "இன்னைக்குத்தான். மீனா, வண்டிச் சாவியைக் குடு."

மீனா சூரத்துக்குப் போன் போட்டாள். புருஷன் "தாதா சொல்றதையும் கேளு, நீயும் யோசி" என்றான். இதைச் சொல்ல ஒரு போன் எதற்கு?

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நிச்சயமாவா?"

இங்கேதான் பிள்ளைகளே, நம்மில் பலர் வழுக்கி விழுகிறோம். தைரியம் கொடுப்பதாக நினைத்து முழுசாகச் சத்தியம் செய்துவிடுவோம். நாளைக்கு வேறு மாதிரி ஆனால் நாம் உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடலாம். அவள் வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

"பன்னெண்டணா நிச்சயம். நாலணா, கழத்திப் பாத்தாத்தான் தெரியும். தண்டே தேஞ்சிருந்தா செலவு பெருசு. இல்லேன்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

"உங்க வண்டியா இருந்தா?"

"இன்னிக்கு ஸ்டார்ட்டே பண்ணமாட்டேன். பூட்டிட்டு, சாவியை ஜாக்கெட்டுக்குள்ள போட்டுட்டு, கிச்சுடி திங்க உக்காந்துருவேன்."

அவள் காரைவிட்டு இறங்கினாள். பாஷுர் கையை நீட்டியபடி நின்றார். பிறகு கார்க் கதவைப் பூட்டினாள். சாவியை நான் சொன்ன இடத்திலேயே போட்டாள். அந்த இடத்தில் எந்த பாஷுரும் கை வைக்க முடியாது, இந்த ஊர்ச் சட்டப்படி அவர் தம்பி பெண்டாட்டியின் முகத்தைக்கூட நேராகப் பார்க்கக்கூடாது.

"எஞ்சின் வெடிச்சா எங்கிட்ட வராதே" என்றார் அவர்.

"வரமாட்டேன்" என்றாள் மீனா. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் உட்கார்ந்தாள். கிச்சுடியைத் தொடாமல் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் நிதானமாக இரண்டு தட்டுச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். நாலணா என்று சொல்லுவது சுலபம், அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துப் பாருங்கள், தெரியும்.

காலையில் நான் போகும்போது மீனா ஏற்கெனவே பட்டறை வாசலில் நின்றாள். ஹாருதா சாமிக்கு ஒரு கும்பிடு போட்டு, குங்குமம் ஒட்டிய ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டில் வைத்தார். திருகிக் கழற்றவே வேண்டியிருக்கவில்லை, ஸ்பேனரின் கனத்துக்கே அது சுற்றிக்கொண்டு வந்தது. புல்லியை உருவினார். அதன் பள்ளம் எலி கடித்த கொழுக்கட்டை மாதிரி இருந்தது. சாவி பாதி தேய்ந்து, ஒடிகிற நிலையில் இருந்தது. முந்தின நாள் அப்படியே முறுக்கியிருந்தால் அதிக நாள் தாங்கியிருக்காது.

கிராங்க் தண்டைத் துணியால் துடைத்தார். விரல் வைத்துத் தடவினார். மறுபடி தடவினார். மீனா குனிந்து அவர் விரலையே பார்த்தாள்.

"தண்டு நல்லா இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எஞ்சின் போச்சுன்னு நான் சொன்னதும் தப்பில்ல மாஷி. போறதுக்குக் கிளம்பிட்டுத்தான் இருந்துச்சு."

"ஆமா ஹாருதா, செருப்பைக்கூடப் போட்டுடுச்சு" என்றேன்.

புதுப் புல்லியும் புதுச் சாவியும் போட்டு, ஒழுங்காக முறுக்கி முடிக்க மத்தியானம் ஆனது. மீனா உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். சத்தம் இல்லை. பழைய வண்டிக்கு உரிய இருமல், முனகல் எல்லாம் இருந்தது, தட்டுகிறவனை மட்டும் காணோம். அவள் வண்டியை எடுக்காமல் சும்மா ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெட்ரோல் வீணாகிறது என்று ஹாருதா முணுமுணுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

அப்போது அவள் செல்போன் கூவியது. லேக் மார்க்கெட்டிலிருந்து யாரோ சவாரி கேட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள். எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றி சொல்ல நேரம் இல்லாமல் ஒருத்தி ஓடுகிறாள் என்றால் நம் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சந்து முனையில் இடது பக்கம் சிக்னல் போட்டாள், வலது பக்கம் திரும்பிப் போனாள். அது நம் டிபார்ட்மெண்ட் இல்லை.